சைவம் சாப்பிடும் ஒருவர் விருந்துக்கு வருகிறார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறியும் மீனும் சமைத்துப் பழகிய வீட்டில், விருந்துக்கு வருபவர்களில் ஒருவர் சைவம் என்று தெரிந்ததும் ஒரு பதற்றம் வரும். நானும் அசைவம் சாப்பிடுகிறவள்தான். என் நெருங்கிய தோழி சைவம். பல ஆண்டுகளாக என் வீட்டு விருந்து எதையும் அவள் தவறவிட்டதில்லை. அவளுக்காகச் சமைத்துக் கற்றுக்கொண்டதை வைத்து, என்னிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"நான் சைவம்" என்று சொல்லிவிட்டார். அது போதாதா?

போதாது. அந்த ஒரு சொல்லுக்குள் பல வகைப் பழக்கங்கள் இருக்கின்றன. பால், தயிர், சீஸ் எல்லாம் சாப்பிட்டு முட்டையை மட்டும் தொடாதவர்கள் உண்டு. முட்டையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கேக்கில் கலந்த முட்டை பரவாயில்லை, ஆம்லெட் வேண்டாம் என்பவர்களும் உண்டு. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். வீகன்கள் பால், வெண்ணெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை.

இந்தக் குழப்பம் புதிதல்ல. இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் தொடங்கியது 1847இல். அதற்குள்ளேயே பால், முட்டை சாப்பிடலாமா கூடாதா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. கடைசியில் பாலையும் முட்டையையும் விட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு தனிச் சொல் வேண்டும் என்று முடிவுசெய்து, 1944இல் டொனால்ட் வாட்சன் முன்னின்று 'வீகன்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கே ஒரு சொல் போதவில்லை என்றால் நமக்கு எப்படிப் போதும்?

மீன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு தன்னைச் சைவம் என்று சொல்கிறவரையும் நீங்கள் சந்தித்திருக்கலாம். அதை வைத்து அடுத்த சைவ விருந்தாளிக்கும் மீன் பொரித்து வைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு மீன் சைவம் அல்ல.

சரி, எப்படிக் கேட்பது? துருவித் துருவிக் கேட்பதுபோல் ஆகிவிடாதா?

ஆகாது. விருந்துக்குக் குறைந்தது மூன்று நான்கு நாள் முன்னால் கேளுங்கள். வாசலில் வைத்துக் கேட்டால்தான் சங்கடம். நான் அனுப்புகிற செய்தி இவ்வளவுதான்: "சனிக்கிழமைக்குச் சமையல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முட்டை, பால், சீஸ் சாப்பிடுவீர்களா? ஒவ்வாமை ஏதாவது இருக்கிறதா? அதே அடுப்பில் அசைவமும் சமைத்தால் பரவாயில்லையா?"

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியமானது. சிலருக்கு அசைவம் சமைத்த பாத்திரத்தை நன்றாகக் கழுவினால் போதும். சிலர் அந்தப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடவே மாட்டார்கள். அவர்களாக அதைச் சொல்லவும் தயங்குவார்கள். ஏன் சைவம் என்று மட்டும் கேட்காதீர்கள். சமையலுக்கு அந்தத் தகவல் தேவையில்லை.

"எனக்காகச் சிரமப்பட வேண்டாம், சாலட் இருந்தால் போதும்" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். பல விருந்துகளில் வெறும் தட்டோடு உட்கார்ந்து பழகியவர்கள் சொல்லும் வார்த்தை அது. மரியாதைக்காகச் சொல்கிறார். மற்றவர்களுக்கு ஓவனிலிருந்து மணக்க மணக்க ஒன்று வரும்போது, ஒருவர் மட்டும் வெள்ளரித் துண்டுகளைக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே சாப்பாடு இறங்காது. "உங்களுக்காகத் தனியாக எதுவும் இல்லை, எல்லாருக்கும் அதைத்தான் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு அப்படியே செய்யுங்கள்.

அப்படியென்றால் எல்லாருக்கும் சைவமா? மற்ற ஏழு பேர் அசைவம் ஆயிற்றே.

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சைவ விருந்தாளிக்கென்று தனித் தட்டு போடாதீர்கள். மேசையின் நடுவில் இருக்கும் பெரிய பாத்திரம் சைவமாக இருக்கட்டும். கறியோ மீனோ வேண்டுமென்றால் அது பக்கத்தில் தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும்.

வழக்கமாக நாம் செய்வது இதற்குத் தலைகீழ். கறியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி விருந்தையே கட்டுகிறோம். அப்புறம் அந்த ஒருவருக்காக அவசரமாக ஏதோ ஒன்றைச் செய்கிறோம். அது அளவிலும் குறைவு, கவனத்திலும் குறைவு. அவர் மட்டும் வேறு தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். சாப்பிட வந்தவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நடுவில் இருப்பது சைவம் என்றால் அவரும் மற்றவர்களைப் போல எடுத்துப் பரிமாறிக்கொள்ளலாம், இரண்டாம் முறையும் கேட்கலாம். சமைப்பவருக்கும் வேலை குறைவு. இரண்டு முழுச் சமையலுக்குப் பதில் ஒரு முழுச் சமையலும், கூட ஒரு சின்னப் பதார்த்தமும்தான். நான் இப்போது பாதி விருந்துகளில் அந்தச் சின்னப் பதார்த்தத்தையும் செய்வதில்லை. யாரும் கறி எங்கே என்று கேட்டதில்லை.

நடுவில் வைக்க எது தாங்கும்?

வயிறு நிறைய வேண்டும், பார்க்கவும் விருந்துபோல இருக்க வேண்டும். வேகவைத்த காய்கறி மட்டும் இருந்தால் இரண்டுமே நடக்காது. புரதம் இல்லாத சாப்பாடு ஒரு மணி நேரத்தில் பசித்துவிடும். பருப்பு, கொண்டைக்கடலை, பீன்ஸ் வகைகள், டோஃபு (சோயா பனீர்), சீஸ், முட்டை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கட்டும். வெந்த கொண்டைக்கடலையிலும் பருப்பிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 9 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான்.

நான் அதிகம் நம்புவது அடுக்கடுக்காகச் செய்து ஓவனில் வைப்பவற்றை: வறுத்த கத்தரிக்காய், தக்காளி சாஸ், பருப்பு, மேலே சீஸ். வீகன் என்றால் சீஸுக்குப் பதில், நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ பிசிறிய ரொட்டித் தூள். முதல் நாளே அடுக்கி வைத்துவிடலாம், மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். காளானும் பருப்பும் சேர்த்து மாவுக்குள் பொதிந்து சுட்ட பை மேசைக்கு வரும்போதே கண்ணைப் பறிக்கும். பெரிய பூசணியைப் பிளந்து உள்ளே அரிசியும் கொட்டைகளும் நிரப்பிச் சுடலாம். முழுக் காலிஃபிளவரை மசாலா தடவிச் சுட்டு, கத்தியால் வெட்டிப் பரிமாறினால் வெட்டுகிற அந்த நேரமே விருந்தின் ஒரு பகுதி ஆகிவிடும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. அடியில் கொண்டைக்கடலை மசியல் ஒரு படுக்கையாக இருக்கட்டும்.

குடமிளகாய்க்குள் சோறு அடைப்பதைச் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் சைவ விருந்தாளிகள் பலர் அதைத் தேவைக்கு மேல் சாப்பிட்டுவிட்டார்கள்.

ராஜ்மா, கொண்டைக்கடலை சமைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கொண்டைக்கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊற வையுங்கள். மசூர்ப் பருப்புக்கு ஊறவே தேவையில்லை, 15–20 நிமிடத்தில் வெந்துவிடும்.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் எச்சரிக்கை தேவை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால், அதில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவெனக் குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அதன் பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். அதன் சூடு அந்த லெக்டினை அழிக்கப் போதாமல் போகலாம். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, பயம் இல்லை.

கறி இல்லாமல் அந்த ஆழமான சுவை வருமா?

வரும். அந்தச் சுவை கறிக்கு மட்டும் சொந்தமில்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா, ஒரு சூப்பின் சுவைக்குக் காரணத்தைத் தேடிப்போய், அது குளூட்டமேட் என்ற பொருள்தான் என்று கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதை அவர் பிரித்தெடுத்தது கறியிலிருந்து அல்ல, கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து. பழுத்த தக்காளி, சோயா சாஸ், மிசோ என்ற ஜப்பானிய சோயா விழுது, நாள்பட்ட சீஸ் எல்லாவற்றிலும் அது நிறைய உண்டு. உலர்ந்த ஷீடாகே காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. குளூட்டமேட்டோடு சேரும்போது இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிடப் பல மடங்கு சுவை தரும். அதனால்தான் தக்காளி சாஸில் கொஞ்சம் உலர்ந்த காளானும் சில துளி சோயா சாஸும் விழுந்தால் சாஸே மாறிவிடுகிறது.

30 கிராம் உலர்ந்த காளானை அரை லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், துணியில் வடிகட்டி மண்ணை நீக்கிவிட்டால் அதுவே முதல் தரமான ஸ்டாக், அதாவது சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படையாகும் சாறு. வழக்கமான காய்கறி ஸ்டாக் போட்டால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் போதும். எலும்பைப்போல நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால் சுவை மங்கிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டுகளை அதில் போடாதீர்கள், வாடை ஏறிவிடும்.

இன்னொன்று: நிறம் வரவேண்டும். காய்கறியை வெளிறிய நிலையில் இறக்கிவிடுவதுதான் பெரிய தவறு. ஓவனை 200–220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். தட்டில் காய்களை நெருக்காமல் பரப்புங்கள். நெருக்கினால் அவை வறுபடாது, தம் நீராவியில் தாமே வெந்துபோகும். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் வெளியேறி வற்றி, ஓரம் பொன்னிறமாகும்வரை காத்திருங்கள். வெங்காயத்தை நிஜமாகவே பழுப்பாகும்வரை வதக்க 40 நிமிடமாவது ஆகும். பத்து நிமிடம் என்று போடும் குறிப்புகளை நம்பாதீர்கள்.

எனக்கே தெரியாமல் எங்கெல்லாம் அசைவம் நுழையும்?

இதில்தான் நல்ல மனம் உள்ளவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி இருக்கும். சீசர் சாலட் டிரஸ்ஸிங்கிலும் அப்படியே. பாட்டிலில் வரும் தாய்லாந்துக் குழம்பு விழுதுகள் பலவற்றில் இறால் விழுது உண்டு. கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேரும். மிசோவில் சிக்கல் இல்லை, ஆனால் மிசோ சூப்பின் அடிப்படையான தாஷி பெரும்பாலும் உலர்ந்த மீனில் செய்வது. 'வெங்காய சூப்' என்று எழுதிய பாக்கெட்டில் மாட்டு ஸ்டாக் இருக்கலாம். கடையில் வாங்கும் பை மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

சீஸ் தனிக் கதை. பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் பாரம்பரியமாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. இப்போது பல சீஸ்களில் நுண்ணுயிர் ரென்னெட் பயன்படுகிறது, அவற்றின் உறையில் சைவம் என்று குறிப்பிட்டிருக்கலாம். ஆனால் பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரோடு விற்பது எதுவும் விதிப்படியே கன்று ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும். சைவ பாஸ்தா என்று சொல்லி மேலே அதைத் துருவிப் போட்டுவிடுகிறோம். பால் சாப்பிடும் சைவர்களில் சிலர் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள், சிலர் கட்டாயம் பார்ப்பார்கள். கேட்டுவிடுங்கள்.

பொருள் பட்டியலில் ஈ120 என்று இருந்தால் அது கார்மைன், ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். சிவப்பு மிட்டாய், சில பழத் தயிர்களில் வரும். ஒயினையும் சில பியர்களையும் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் பயன்படுவதுண்டு. கண்டிப்பான வீகன் விருந்தாளி என்றால் பாட்டிலில் வீகன் என்று குறிப்பிட்டதை வாங்குங்கள்.

கறித் துண்டுகளை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றலாமா?

கூடாது. கறி வெந்த சாறு அந்தக் குழம்பு முழுக்க இருக்கிறது. கோழி ஸ்டாக்கில் வெந்த சோறும் அப்படித்தான், பீட்சா மேல் இருக்கும் கறியைப் பொறுக்கி எடுப்பதும் அப்படித்தான்.

ஒரே அடுப்படியில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

சைவத்தை முதலில் சமைத்து, மூடி, தள்ளி வைத்துவிடுங்கள். பிறகு அசைவத்தைத் தொடுங்கள். இந்த வரிசை ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். வெட்டும் பலகை தனியாக இருக்கட்டும். கோழி பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரிக்காதீர்கள். ஓவன் ஒன்றுதான் என்றால் சைவத்தை மேல் தட்டில் வையுங்கள், கீழே இருப்பதன் கொழுப்பு சொட்டாது. கிரில் என்றால் காய்கறியை முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள், அல்லது அலுமினியத் தாளில் பொதிந்து சுடுங்கள்.

உண்மையில் எல்லாம் கெடுவது சமையலறையில் இல்லை, மேசையில்தான். யாரோ ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் கறிப் பாத்திரத்தின் கரண்டியை எடுத்துச் சைவப் பாத்திரத்தில் விட்டுவிடுவார். நான் இரண்டுக்கும் நடுவில் ரொட்டிக் கூடையை வைத்துவிடுகிறேன். கரண்டிகளும் ஒன்று மரம், ஒன்று எவர்சில்வர். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. சைவ விருந்தாளிக்கு முதலில் பரிமாறிவிடுவது இன்னும் பத்திரம்.

எவ்வளவு செய்வது?

சைவப் பதார்த்தம் ஒன்று, சைவம் சாப்பிடுபவர் ஒன்று என்று கணக்குப் போட்டால் அவர் கைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களும் அதை எடுப்பார்கள். தலைக்கு 75–80 கிராம் உலர்ந்த பருப்போ கடலையோ முக்கியப் பதார்த்தத்துக்குச் சரியாக இருக்கும். எல்லாருடைய தலையையும் எண்ணுங்கள்.

கறிபோலவே இருக்கும் போலிக் கறி வாங்கலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். சிலருக்கு அது பிடிக்கும். பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவர்களில் பலருக்குக் கறியின் வாசனையும் கடிபடும் விதமுமே ஒத்துக்கொள்ளாது. என் தோழி ஒரு வாய் கடித்துவிட்டு, உறையைக் காட்டு என்று கேட்டாள். இது நிஜக் கறியோ என்ற சந்தேகத்தோடேயே ஒருவரைச் சாப்பிட வைக்கக் கூடாது.

வாசலுக்கு வந்த பிறகுதான் சைவம் என்று தெரிகிறது. என்ன செய்வது?

பதற்றத்தை முகத்தில் காட்டாதீர்கள், மன்னிப்புப் படலமும் வேண்டாம். "இருபது நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். ஒரு டின் கொண்டைக்கடலை, ஒரு டின் தக்காளி, பூண்டு, சீரகம், கடைசியில் ஒரு கைப்பிடி கீரை. இதைப் பாஸ்தாவோடும் சாப்பிடலாம், சோற்றோடும் சாப்பிடலாம், ரொட்டியோடும் சாப்பிடலாம். முட்டை சாப்பிடுவார் என்றால் அதே தக்காளியில் இரண்டு குழி பறித்து முட்டை உடைத்து ஊற்றி மூடி வையுங்கள். மேசைக்குக் கொண்டுபோகும்போது பெரிய பாத்திரமாகக் கொண்டுபோங்கள், எல்லாரும் எடுக்கட்டும்.

தவறிப்போய் அசைவம் கலந்ததைப் பரிமாறிவிட்டேன். அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கு இது நடந்தது. தோழி முதல்முறை வந்தபோது பூசணி சூப் செய்திருந்தேன். அவள் பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான், நான் போட்டது கோழி ஸ்டாக் கட்டி என்பது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "சொன்னதால்தான் இனிமேல் இங்கே நிம்மதியாகச் சாப்பிட முடியும்" என்றாள். அன்றிலிருந்து பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் எதையும் பானையில் போடுவதில்லை.

"கொஞ்சம்தானே", "தெரியாமல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அது அவருடைய நம்பிக்கை, அதன் எடையை நாம் அளக்க முடியாது. வேண்டுமென்றே ஏமாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு சிரிப்பவர்களுக்கு என்னிடம் மன்னிப்பே கிடையாது.

இனிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

ஜெலட்டின். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து செய்வது. ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, பல மூஸ் வகைகள், பேக் செய்யாத சீஸ்கேக் எல்லாவற்றிலும் வரலாம். அதற்குப் பதில் கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் தூளைப் பயன்படுத்துங்கள். அரை லிட்டருக்கு 4 கிராம் அளவில் தொடங்கிப் பாருங்கள். ஜெலட்டினைப்போல வெந்நீரில் கரைத்தால் போதாது, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். அறைச் சூட்டிலேயே இறுகிவிடும் என்பதால் வேகமாக ஊற்றிவிடுங்கள். எலுமிச்சைபோலப் புளிப்பு அதிகம் என்றால் தூள் கொஞ்சம் கூடத் தேவைப்படும். வாயில் ஜெலட்டின்போல உருகாது, கொஞ்சம் உடையும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

வீகன் என்றால் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான தண்ணீரை அடித்துப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கருவைப்போல நுரைத்து நிற்கும். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். அல்லது நல்ல பழங்களை வெட்டி வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விருந்தாளியே ஏதாவது செய்து கொண்டுவருகிறேன் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் அதை நம்பி நீங்கள் செய்யவிருந்ததை விட்டுவிடாதீர்கள். தன் சாப்பாட்டைத் தானே சுமந்துவருகிறவர் விருந்தாளி இல்லையே. அவர் கொண்டுவருவது கூடுதல் பதார்த்தமாக இருக்கட்டும். சூடாக்க வேண்டுமென்றால் கழுவிய பாத்திரத்தை அவர் கண் முன்னாலேயே எடுங்கள், மேசையில் நடுவிலேயே இடம் கொடுங்கள். திரும்பிப் போகும்போது அவருடைய பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள். மிச்சமிருக்கும் சைவப் பதார்த்தத்தில் கொஞ்சம் அதில் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.